தேசிங்கு கட்டினாரா?

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதோடு சேர்ந்து ஏறிய மராட்டியர் ராணுவத் தலங்கள் மொத்தம் 12. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று நம்முடையது.

செஞ்சி என்றதும், "தேசிங்கு ராஜா கட்டிய கோட்டை" என்பார்கள். பாவம், அவர் ஆண்டதே சில மாதம். 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதி மாண்டார். கோட்டை அவருக்குப் பல நூற்றாண்டு மூத்தது!

இந்தக் கோட்டையைப் பற்றி இணையத்தில் தேடி ஒரு செயல்திட்டம் செய்யச் சொல்கிறார்கள் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை. மதிப்பெண் எதற்கு? பளபளப்பான வண்ண அச்சுக்கா? அப்படியானால் அது பிரவுசிங் சென்டர்காரருக்குப் போக வேண்டியது.

நான் ஆசிரியரானால் முதலில் குறிப்பு நோட்டைத்தான் கேட்பேன். தேசிங்கு கதையை எங்கே சரிபார்த்தாய்? இந்தப் படம் யார் எடுத்தது, அவரிடம் அனுமதி கேட்டாயா? எடுத்தவருடைய பதிப்புரிமை அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கிறது. கோட்டையின் ராஜகிரி மலைப் படியில் யார் வீட்டுக் குழந்தையோ நீ எடுத்த படத்தில் விழுந்திருக்கிறதே, அதை என்ன செய்தாய்?

"முதலில் நம்பிவிட்டேன் சார், அப்புறம் அடித்துத் திருத்தினேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த அடித்தலுக்கே ஐந்து மதிப்பெண்.