குனிந்த கழுத்து



கொழுந்து பறிக்கும் பெண்ணின் கழுத்து நோவை மலைநாட்டில் அறியாதார் இலர். கூடையின் கயிறு தலையில் அழுந்த, நாள் முழுவதும் சரிவில் நிற்பவளுக்கு மாலையில் கழுத்தும் முதுகும் ஏன் நோகின்றன என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. அதே பெண் பல்வலி பொறுக்காமல் நுவரெலியாவிலோ டிக்கோயாவிலோ உள்ள ஆஸ்பத்திரிக்குச் சென்று வாயைத் திறக்கும்போது, அவள் முகத்தின்மேல் குனிகின்றவரின் கழுத்தும் நோகத்தான் செய்கின்றது. அவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியை வினவும்போது, 'உன் தொழில் யாது?' என்றும் கேட்கவேண்டும் என்பது அவர் கருத்து. வைத்தியரை நோக்கி அக்கேள்வியைக் கேட்பவர் அரியர்.

வாய் சிறியது, இருளானது. அதனுள் பார்க்கவேண்டுமானால் தலையைத் தாழ்த்தி, ஒருபுறம் சாய்த்து, முழங்கையை உயர்த்தி, அசையாது நிற்கவேண்டும். மனிதத் தலையின் நிறை ஏறத்தாழ 5 கிலோகிராம். நீர் நிறைந்த வாளியை உடலோடு ஒட்டிப் பிடிப்பது எளிது. கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். குனிந்த தலையைத் தாங்கும் கழுத்துத் தசைகளின் நிலையும் அதுவே. பல் வைத்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் கழுத்து, முதுகு, தோள் நோவுக்கு ஆளாகின்றனர் என்றே பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன.

மலைநாட்டில் இத்துன்பத்திற்கு இன்னொரு காரணமும் உண்டு. குளிருக்கும் களைப்புக்கும் துணையென்று வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லுவது தோட்டங்களில் வேரூன்றிய வழக்கம். பாக்கை நெடுநாள் மென்றவர் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகிவிடும். மூன்று விரல் நுழையத் திறந்த வாய், நாளடைவில் ஒரு விரலுக்கும் இடங்கொடாது. புற்றுநோயாகவும் மாறக்கூடிய அந்த நோய், முதலில் நோயாளியின் துயரமே. ஆயினும் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவேண்டியவரின் நிலையை எண்ணுங்கள். கண்ணுக்கு வழியில்லை, கருவிக்கும் வழியில்லை. மணிக்கட்டை முறுக்கி, இடுப்பை வளைத்துப் போராடவேண்டியிருக்கிறது. கூலி போய்விடுமென்று அஞ்சி, பல் முற்றிலும் கெட்ட பின்னரே பலர் வருவதால், அடைத்துக் காக்கும் வேலையினும் பலங்கொண்டு பிடுங்கும் வேலையே மிகுகின்றது.

மகரகமையில் பயிற்சி பெற்றுப் பாடசாலைகளில் பணிபுரியும் பல் சிகிச்சையாளர்க்கோ குழந்தையின் வாய் இன்னும் சிறியது. தலையும் ஓரிடத்தில் நில்லாது. தற்காலிக முகாமில் சாதாரண நாற்காலியே கிடைத்தால், நோயாளியைச் சாய்க்கவும் உயர்த்தவும் வழியேது?

வேறு ஆபத்துகளும் உள. 1957இல் வழக்குக்கு வந்த காற்றுச்சுழலிக் கருவி வேலையை விரைவாக்கியது. அதன் கீச்சொலியைக் காதுகள் ஆண்டுக்கணக்கில் கேட்கவேண்டியதாயிற்று. முற்காலத்தில் பல்லை அடைக்கும் பாதரசக் கலவையை உள்ளங்கையிலேயே பிசைந்தவர்களும் உண்டு. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2013இல்தான் நிறைவேறியது. அமெரிக்காவில் எக்ஸ்ரே கதிரைப் பல் வைத்தியத்திற்குப் பயன்படுத்திய முன்னோடியான கெல்ஸ், அக்கதிரினாலேயே விரல்களையும் பின்னர் கையையும் இழந்து, 1928இல் மறைந்தார்.

ஆனால் நான் மிகவும் கவலைகொள்வது வைத்தியரைப் பற்றியன்று. கருவிகளைக் கழுவும் சிற்றூழியரைப் பற்றியே. ஊசி குத்தினால் அவர் சொல்வதில்லை. சொன்னால் கவனமில்லை என்பார்களோ என்ற அச்சம். உலர்ந்த இரத்தத்திலும் பி வகை ஈரலழற்சிக் கிருமி ஏழு நாள்வரை உயிரோடிருக்கும். அதற்குரிய தடுப்பூசி 1980களிலிருந்தே உண்டு. வைத்தியரும் தாதியும் அதனைப் பெற்றால் போதாது. வாளியும் தூரிகையும் ஏந்துபவருக்கும் அது வேண்டும். ஊசி குத்தியதை அன்றே சொல்லும் ஊழியரை ஏசாமல், உடனே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது மேலாளர் கடமை.

நாற்காலியின் நெம்புகோல் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தால், அதற்கு ஈடாகக் குனிவது ஒரு மனிதரின் முதுகெலும்பு. திருத்தும் செலவைத் தள்ளிப்போடும் அலுவலகங்கள் இதனையும் கணக்கிற் சேர்க்கட்டும்.

நோயாளிகளாகிய நமக்கும் சிறு வேலை உண்டு. முன்பு செங்கமாரி வந்திருந்தால் மறைக்காமற் சொல்லுங்கள். 'சற்று இப்பக்கம் திரும்புங்கள், முகவாயை உயர்த்துங்கள்' என்று அவர் கேட்டால் தயங்காது திரும்புங்கள். நீங்கள் திரும்பும் அளவுக்கு அவர் வளையவேண்டியதில்லை.