விலையில்லா நூலும் விலங்கில்லா நூலும்

(பொழிவுரை)



கல்லூரிப் பாடநூல் என்பது உலகச் சந்தையில் விந்தையானதொரு பண்டம். அதனைத் தேர்பவர் ஒருவர். விலை கொடுப்பவர் மற்றொருவர். பேராசிரியர் நூலின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார். அவர்க்கு அந்நூல் பதிப்பகத்தாரின் அன்பளிப்பாகவே வந்திருக்கும். மாணவனோ அதனை வாங்கியே தீரல் வேண்டும். விலை பாராமல் தேர்பவர்க்கும், தேர உரிமையின்றி விலை கொடுப்பவர்க்கும் இடையே உள்ள இந்தப் பிளவிலேதான் அமெரிக்கப் பதிப்பு முதலாளிகள் காலூன்றினர்.

1986ஆம் ஆண்டின் இறுதிக்கும் 2004ஆம் ஆண்டின் இறுதிக்கும் இடையே அந்நாட்டுக் கல்லூரிப் பாடநூல்களின் விலை 186 விழுக்காடு ஏறிற்றென அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகமே 2005இல் அறிக்கை தந்தது. பிற பண்டங்களின் விலையேற்றத்தைப் போல் அஃது இருமடங்கு. அதன்பின்னும் ஏற்றம் நின்றபாடில்லை. 2006 சனவரித் திங்களிலிருந்து 2016 சூலைத் திங்கள் வரை மேலும் 88 விழுக்காடு ஏறிற்று. இதற்கு அவர்கள் கையாண்ட சூழ்ச்சிகளுள் முதன்மையானது 'புதிய பதிப்பு' என்பது. சில ஆண்டுகட்கு ஒருமுறை பயிற்சிக் கணக்குகளின் வரிசையெண்ணை மாற்றுவார்கள். படங்களை இடம் பெயர்ப்பார்கள். அட்டைக்கு வேறு வண்ணம் பூசுவார்கள். மூத்த மாணவன் தன் நூலை இளைய மாணவனுக்குக் கைமாற்றிக் கொடுக்கும் வழி அதனோடு அடைபடும். நியூட்டன் கண்ட இயக்க நெறிகள் மூன்றாண்டுகட்கு ஒருமுறையா மாறுகின்றன?

அதே நூல் ஆசிய நாடுகளில் மெலிந்த தாளில், குறைந்த விலையில் விற்கும். தாய்லாந்திலிருந்து அமெரிக்கா சென்று பயின்ற சுபாப் கிர்த்செங் என்னும் மாணவர் இதனைக் கண்டார். தம் நாட்டில் உள்ள உறவினரைக் கொண்டு நூல்களை வாங்கி வரவழைத்து அங்கே விற்றார். சான் வைலி என்னும் பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. எட்டு நூல்களுக்காக 6,00,000 தாலர் தண்டம் இறுக்கவேண்டும் எனக் கீழ்மன்றத்தில் தீர்ப்பாயிற்று. 2013இல் அமெரிக்க உச்சமன்றம் அதனைப் புரட்டிப் போட்டது. முறையாக வாங்கிய நூலை எவரும் எங்கும் விற்கலாம் என்று நடுவர் அறுவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று முடிவு கூறினர். தில்லியிலும் இத்தகைய வழக்கு ஒன்று நடந்ததைப் பலர் அறிவர். பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த சிறிய படியெடுப்புக் கடையொன்றின் மேல் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு முதலிய பெரும்பதிப்பகங்கள் 2012இல் பாய்ந்தன. கற்பித்தலின் பொருட்டுப் பாடப்பகுதிகளைப் படியெடுத்துக் கொடுத்தல் படைப்புரிமைச் சட்டத்திற்கு மாறானதன்று என 2016இல் தில்லி உயர்மன்றம் தீர்ப்பளித்தது.

இவை வெற்றிகளே, ஆயினும் அரைகுறை வெற்றிகள். படியெடுத்த நூலும் பிறர் உடைமையாகவே இருக்கின்றது. அதிலுள்ள பிழையைத் திருத்தி வெளியிட உரிமையில்லை. தன் ஊர் எடுத்துக்காட்டைச் சேர்த்து அச்சிட உரிமையில்லை. எல்லாவற்றினும் மேலாக, அதனைத் தன் தாய்மொழியிற் பெயர்த்துப் பரப்ப உரிமையில்லை. விலையில்லா நூல் வேறு, விலங்கில்லா நூல் வேறு என்பது இவ்விடத்திலேதான் விளங்கும்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தவர்களுள் ஒருவர் தேவிட் வைலி என்னும் அமெரிக்கக் கல்வியாளர். முன்சொன்ன பதிப்பகத்தோடு இவர்க்குப் பெயரொற்றுமை மட்டுமே உண்டு. தன்னிடம் வைத்துக்கொள்ளல், பயன்படுத்தல், திருத்தல், பிறவற்றோடு கலத்தல், பரப்பல் என்னும் ஐந்துரிமையும் உடையதே திறந்த நூல் என்றார் அவர். இவ்வுரிமைகளைச் சட்டத்தின் மொழியில் எழுதித் தந்தது, இலாரன்சு இலெசிக் முதலானோர் 2001இல் தோற்றுவித்த கிரியேட்டிவ் காமன்சு என்னும் அமைப்பு. தமிழில் அதனைப் படைப்பாக்கப் பொதுமங்கள் என்பர். அதன் முதல் உரிமங்கள் 2002 திசம்பரில் வெளிவந்தன. படைப்புரிமையை ஒழிப்பதன்று அவற்றின் நோக்கம். உரிமையுடையவரே முன்வந்து, 'இன்னின்ன செய்துகொள்க. என்னைக் கேட்கவேண்டா' என நூலின் முகப்பில் எழுதிக் கையொப்பமிடும் ஏற்பாடு அது. ஒருமுறை கொடுத்தபின் மீட்டுக்கொள்ளவும் இயலாது.

அதற்குச் சற்று முன்னர், 2001இல், மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகம் தன் பாடக்குறிப்புகளையும் தேர்வுத்தாள்களையும் உலகிற்குத் திறந்துவிடுவதாக அறிவித்தது. பிற பல்கலைக்கழகங்கள் இணையத்தைக் காசு காய்க்கும் மரமாகக் கனவு கண்டிருந்த காலம் அது. 2007க்குள் ஏறத்தாழ 1,800 பாடங்கள் வெளிவந்துவிட்டன. 2002இல் பாரிசில் யுனெசுகோ கூட்டிய அவை 'திறந்த கல்வி வளங்கள்' என்னும் பெயரை வழங்கிற்று. 2019 நவம்பரில் அவ்வமைப்பு தன் உறுப்பு நாடுகட்கு அதனைப் பரிந்துரையாகவே எழுதித் தந்தது. பரிந்துரை எழுதுதல் எளிது. அரசுகள் அதனைப் பேழைக்குள் வைத்துப் பூட்டுதல் அதனினும் எளிது.

ஆனால், பாடக்குறிப்பு பாடநூலாகாது. தொடக்கம் முதல் முடிவு வரை அறிஞர் பலர் எழுதி, அறிஞர் பலர் மதிப்பிட்ட முழுநூல் வேண்டும். அமெரிக்காவின் இரைசுப் பல்கலைக்கழகத்தில் இரிச்சர்டு பரானியுக் என்னும் மின்பொறியியற் பேராசிரியர் 1999இல் தொடங்கிய முயற்சி, 2012இல் 'ஓபன்சுடாக்சு' என்னும் பெயரில் இயற்பியல் நூலொன்றையும் குமுகாயவியல் நூலொன்றையும் வெளியிட்டது. இணையத்தில் விலையில்லை, அச்சுநூலுக்குக் குறைந்த விலை. பெருஞ்செல்வர் அறக்கட்டளைகளின் கொடையால்தானே இது நடக்கிறது என்று குறை கூறுவாருளர். கூறுக. கொடுத்தவன் நாளை மனம் மாறினாலும் நூல் மக்களிடமே நிற்கும்படி உரிமம் எழுதப்பட்டுள்ளதா என்பதே பார்க்கத்தக்கது. எழுதப்பட்டுள்ளது.

விலை நீங்கியதால் படிப்பு உயர்ந்ததா என்று வினவுவோர்க்கு, சியார்சியாப் பல்கலைக்கழகத்தில் இருபத்தோராயிரத்திற்கும் மேற்பட்ட மாணாக்கரை வைத்துச் செய்யப்பெற்று 2018இல் வெளிவந்த ஆய்வு விடை தரும். இத்தகைய நூல்கள் வந்தபின் மதிப்பெண் உயர்ந்தது. தோற்போரும் இடைநிற்போரும் குறைந்தனர். அரசின் உதவித்தொகை பெறும் ஏழை மாணாக்கரிடத்தும், பகுதிநேரம் பயில்வோரிடத்தும் அவ்வுயர்வு மிகுதியாயிருந்தது. வியப்பதற்கில்லை. கல்லூரி திறந்து ஒரு திங்கள் கழித்து நூல் வாங்குபவனும், முதல் நாளே நூலோடு அமர்பவனும் ஒரே தேர்வைத்தான் எழுதுகின்றனர்.

இவ்வரலாற்றில் நின்று பார்க்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சான் மெக்மரி எழுதிய கரிம வேதியியல் நூல் 1984இல் முதற்பதிப்புக் கண்டது. உலகெங்கும் கல்லூரிகளில் நிலைபெற்று, வணிகப் பதிப்பாக ஒன்பது பதிப்பு வந்தது. அந்நூலால் ஈட்டத்தக்க பொருள் சிறிதன்று. அவர் மகன் பீட்டர், மூச்சுப்பையில் கெட்டிச்சளி தேங்கி உயிரை அரிக்கும் பிறவிநோயோடு நெடுங்காலம் போராடி 2019இல் இறந்தார். மகன் நினைவாக ஏதேனும் செய்ய எண்ணிய தந்தை, சிலை நிறுவவில்லை, மண்டபம் கட்டவில்லை. நூலின் பத்தாம் பதிப்பை ஓபன்சுடாக்சின்வழி எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கும்படி 2023இல் திறந்துவிட்டார். அதற்கெனத் தமக்குக் கிடைத்த உரிமத்தொகையையும் அந்நோய்க்கு மருந்து காணப் பாடுபடும் அறக்கட்டளைக்கே கொடுத்தார். நூறு தாலருக்கு மேல் விலைவைத்து விற்கும் நூல்களின் நடுவே, அத்துறையில் பெயர்பெற்ற நூலொன்று மாணாக்கர் கையில் வெறுமனே வந்து விழுந்தது. ஒரு தந்தையின் துயர் இப்படியும் அறமாகும்.

இனித் தமிழுக்கு இதில் என்ன? போலந்து நாட்டைப் பார்க்க. அங்குள்ள மக்கள் நான்கு கோடிக்கும் குறைவு. தமிழ் பேசுவோர் இந்தியாவில் மட்டும் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 6.9 கோடி. ஓபன்சுடாக்சின் பல்கலைக்கழக இயற்பியல் நூலைப் போலந்து அறக்கட்டளை ஒன்று தன் மொழியில் மூன்று தொகுதிகளாக ஆக்கி விலையின்றி வெளியிட்டுவிட்டது. இசைவு கேட்டு எவர் வாயிலிலும் அவர்கள் காத்துக் கிடக்கவில்லை. உரிமம் நூலிலேயே இருந்தது. உழைப்பு மட்டுமே அவர்களுடையது.

தமிழர்க்கு இவ்வுழைப்பு புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்துத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என வடசொல் நாட்டினார் என்பது உண்மையே. அவர் காலத்துச் சூழல் அது. கோவை அரசுக் கலைக்கல்லூரியில் 1960இல் தமிழ்வழிப் பட்டவகுப்புத் தொடங்கிற்று. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970இல் எழுந்தது. இயற்பியல், வேதியியல், நிலைத்திணையியல், பொருளியல் என அடுக்கடுக்காகத் தமிழிற் கல்லூரி நூல்கள் வந்தன. பின்னர் அவை அச்சில் இல்லாமற் போயின. இன்று அவற்றுட் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால், ஐம்பதாண்டுக்கு முந்திய அறிவியல் நூலைப் படித்தல் மட்டும் போதாது. அதனை இன்றைய அறிவுக்கேற்பத் திருத்திக்கொண்டே போகும் உரிமையும், அவ்வுரிமையைக் கையாள ஆளும் வேண்டும். அவ்வுரிமை அந்நாளிலேயே முகப்பில் எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொரு தலைமுறை ஆசிரியரும் ஓரியலாவது புதுக்கியிருப்பர்.

2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தின்வழி, இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் விரிவுரைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அதன் நடுவிடம் சென்னை. சென்னையில் பேசப்பெறும் அவ்விரிவுரைகளின் மொழி ஆங்கிலம்! அவற்றுட் சிலவற்றின் எழுத்துப்படி தமிழிலும் வந்துள்ளது. அது போதாது, எனினும் வழி அடைபடவில்லை என்பதற்குச் சான்று.

'கலைச்சொல்லுக்கு எங்கே போவது?' என்று கேட்டுக் கைகட்டி நிற்போர் இன்னும் உளர். மூடிய நூலில் ஒரு சொல் பிழையாக ஏறிவிட்டால் அடுத்த பதிப்பு வரை அதுவே ஆளும். திறந்த நூலில் அன்றே மாற்றலாம். ஒருவர் 'ஆக்சிசன்' என்றெழுதுக. மற்றொருவர் அதே நூலை எடுத்து 'உயிர்வளி' என ஆக்குக. இரண்டும் வகுப்பறைக்குச் செல்லட்டும். மாணவன் நாவில் நிற்பது எது என்பது பத்தாண்டில் தெரிந்துவிடும். சொல்லைப் பற்றிய பூசலால் நூலே பிறவாமற் போகும் நிலை இனி இல்லை. கணினியே மொழிபெயர்த்துவிடும் என்று மகிழ்வோர்க்கும் ஒரு சொல்: ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் கொட்டிவைப்பது மொழிபெயர்ப்பாகாது. முதற்படியைக் கணினி தரட்டும். வரிவரியாகச் செப்பனிடும் வேலை பாடமறிந்த தமிழாசிரியனுடையதே.

உரிமங்கள் யாவும் ஒருதன்மையன அல்ல என்பதைத் தொடங்குவோர் மறத்தலாகாது. மெக்மரியின் வேதியியலைத் தமிழாக்குவோர் மூலவர் பெயரைக் குறித்தல் வேண்டும், செய்த மாற்றத்தைச் சொல்லுதல் வேண்டும், வணிகம் செய்தலாகாது, தம் தமிழ்நூலையும் அதே உரிமத்திலேயே திறந்துவிடுதல் வேண்டும். 2012இல் வந்த அவ்வியற்பியல் நூலின் உரிமம் இன்னும் தளர்ந்தது. பெயரும் மாற்றமும் குறித்தால் போதும். சிற்றூர் அச்சகத்தார் ஒருவர் தாட்செலவும் கூலியும் சேர்த்து விலைவைத்து விற்றாலும் தடையில்லை.