வீர் காதா போட்டியில் சுகாவுக்கு இடம் உண்டா?

(திண்டுக்கல்லில் நடந்த ஒரு வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வந்திருப்பவர்களில் பாதிப்பேர் பள்ளி ஆசிரியர்கள், மீதிப்பேர் பி.எட். படிக்கிறவர்கள் என்று சொன்னார்கள். அதனால் உங்கள் மேசைக்குச் சுற்றறிக்கையாக வந்து விழும் ஒன்றைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறேன். 'வீர் காதா' போட்டி.

2021இல் பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து ஆரம்பித்தது இது. வீரப் பதக்கம் பெற்ற படைவீரர் ஒருவரைப் பற்றி மாணவர்கள் கட்டுரையோ கவிதையோ எழுத வேண்டும்; ஓவியமும் வரையலாம். முதல் ஆண்டில் 8 லட்சம் பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். நான்காவது பதிப்பில் அது 1.76 கோடி. தேசிய அளவில் முதலில் 25 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், பிறகு 100 பேர். ஆளுக்கு 10,000 ரூபாய். கூடவே டெல்லிப் பயணம், குடியரசு நாள் அணிவகுப்பைச் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு.

போட்டியைப் புறக்கணியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. தோல் ஷாப்புக்கோ நூல் மில்லுக்கோ வேலைக்குப் போகிற வீட்டுக்குப் 10,000 ரூபாய் சின்னப் பணம் இல்லை. ஒரு பிள்ளை ரயிலேறி டெல்லி பார்த்து வருவதும் சின்ன விஷயம் இல்லை. நம் பிள்ளைகள் எழுதட்டும், ஜெயிக்கட்டும். என் கேள்வி வேறு. போரில் ஒருவர் சேவை செய்தார் என்பதற்குப் பதக்கத்தை மட்டும் அடையாளமாக வைத்தால், அந்தப் பட்டியலுக்குள் வரவே முடியாதபடி முன்கூட்டியே வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார்?

பதக்கம் வேண்டுமென்றால் முதலில் கையில் துப்பாக்கி வேண்டும். துப்பாக்கியை யாரிடம் கொடுப்பது என்பதைப் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சாதி தீர்மானித்தது. 1857க்குப் பிறகு 'போர்க்குடிகள்' என்றொரு கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மதராஸ் படைக்கும் பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டுக்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்ற கருத்துள்ளவர். கம்பெனிக்கு நாடு பிடித்துக் கொடுத்ததில் மதராஸ் படைக்கும் பம்பாய் படைக்கும் பெரும் பங்கு உண்டு. அவற்றில் பறையர்களும் மகர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். வேலை முடிந்ததும் வீரம் வடக்கே இடம்பெயர்ந்துவிட்டது. 1892இல் மகர்களைப் படையில் சேர்ப்பது நின்றது. மதராஸ் காலாட்படையையும் சிறுகச் சிறுகக் கலைத்தார்கள்.

முதல் உலகப்போர் வந்தது. ஆள் வேண்டும். சென்னை மாகாணத்தில் இருந்து போரிடும் படைக்கு எடுத்தவர்கள் சுமார் 51,000 பேர். போரிடாத வேலைகளுக்கு எடுத்தவர்கள் சுமார் 41,000. இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். ராணுவக் கணக்கில் அவர்களுக்கு 'ஃபாலோயர்ஸ்' என்று பெயர், பின்னால் வருகிறவர்கள். தண்ணீர் சுமக்கிறவர், கோவேறு கழுதை ஓட்டுகிறவர், சமைக்கிறவர், துவைக்கிறவர், செருப்பு தைக்கிறவர், மலம் அள்ளுகிறவர். குண்டு இவர்கள் தலையிலும் விழுந்தது. சம்பளமும் ஓய்வூதியமும் மட்டும் ஒரு படி கீழே.

அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சுகா. பரேலியைச் சேர்ந்தவர், துப்புரவுப் பணியாளர் சாதி. காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக இங்கிலாந்தில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற கிராமத்தில் நடந்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1915 ஜனவரி 12ஆம் தேதி இறந்துபோனார். வயது 30. உடலை எரிக்க இந்துக்கள் சம்மதிக்கவில்லை, அவர் தீண்டப்படாதவர். வோக்கிங்கில் முஸ்லிம் சிப்பாய்களை அடக்கம் செய்யும் இடம் இருந்தது. அவர் முஸ்லிம் இல்லை என்று அங்கேயும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் அந்த ஊர்ப் பாதிரியார் தன் தேவாலயத் தோட்டத்தில் இடம் கொடுத்தார். கிராமத்து மக்கள் காசு போட்டு ஒரு கல்லும் நட்டார்கள். கல் இன்னும் இருக்கிறது.

கடல் கடந்து போனால் சாதி கரைந்துவிடும் என்று நம் ஊரில் இன்னும் சிலர் பேசுகிறார்கள். பிரைட்டன் அரண்மனையை இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக மாற்றியபோது மதம், சாதி பார்த்து ஒன்பது சமையலறைகள் வைத்தார்கள். கப்பலில் சாதியும் ஏறிப்போனது.

இப்போது வீர் காதா விதிமுறையைக் கையில் எடுங்கள். சுகாவைப் பற்றி ஒரு பிள்ளை எழுதலாமா? முடியாது. அவரிடம் பதக்கம் இல்லை. சரி, அவர் காலனிய ராணுவத்து ஆள், சுதந்திர இந்தியாவின் போட்டியில் எப்படி வருவார் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இந்தப் போட்டி காலத்தில் தாராளமாகப் பின்னால் போகக்கூடியதுதான். ஜான்சி ராணி லட்சுமிபாய் கனவில் வந்தால் என்ன சொல்வார் என்று எழுதச் சொன்னார்கள். ஐந்தாம் பதிப்பில் காரவேலன், பிருத்விராஜ் சவுகான், சிவாஜி எல்லாரும் வந்துவிட்டார்கள். ராஜாக்கள் நுழைய வாசல் அகலமாகத்தான் இருக்கிறது.

டெல்லிக்குப் போன பிள்ளை அங்கே என்ன பார்க்கும் என்பதையும் யோசியுங்கள். குடியரசுத் தலைவர் வருவார். அவருடைய மெய்க்காவல் படை குதிரையில் கம்பீரமாக வரும். அந்தப் படைக்கு ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினரை மட்டும்தான் எடுக்கிறார்கள். உயரமும் தோற்றமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தில் ராணுவம் சொன்ன காரணம். நம் பிள்ளை முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டும். தான் ஒருபோதும் ஏற முடியாத குதிரை அது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

ஒரு ராணுவம் யாரை ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பது உலகம் முழுக்கவே சிக்கல்தான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப்போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கர்களில் குறைந்தது 1,16,000 பேர், அதிகபட்சமாக 3,50,000 பேர் வரை, பெயர் பொறிக்கப்படாமலோ நினைவுகூரப்படாமலோ விடுபட்டிருக்கலாம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர், சாதாரணச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை சயாம் ரயில். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்கள் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே போட்ட பாதை. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 நேச நாட்டுக் கைதிகளுக்குத் தனித்தனிக் கல், புல்தரை, பூச்செடி. அந்தப் பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அதில் பெருங்கூட்டம் மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்து பிடித்துப்போன தமிழர்கள். கங்காணி மூலம் கப்பலேறிய சேரி மக்கள் அதில் எத்தனை பேர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு அப்படி ஒரு புல்தரை கிடைக்கவில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் இருக்கிறது, தேடிப் படியுங்கள்.

சரி, திண்டுக்கல்லுக்கு வருவோம். போர்க்கால சேவைக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? என் ஆய்வு தோல் தொழிலாளர்களைப் பற்றியது என்பதால் எனக்கு முதலில் தோன்றுவது பூட்ஸ்தான். சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோலுக்கு லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்கு அது தேவைப்பட்டது. 1916இல் அரசாங்கம் அந்தத் தோல் முழுவதையும் பிரிட்டிஷ் போர் அலுவலகத்துக்காகத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. பிரான்சின் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற வெள்ளைக்காரச் சிப்பாயின் கால் நனையாமல் இருக்க, இங்கே ஒருவர் முழங்கால் வரை சுண்ணாம்புக் குழியில் நின்றார். கால் வெந்தது, கைவிரல் நகம் கழன்றது. தொட்டால் தீட்டு என்று ஊர் ஒதுக்கிய அதே தோலை ஒரு சாம்ராஜ்யம் போருக்கு அவசியமான பொருள் என்று அறிவித்தது. ஊருக்கு அது கடைசிவரை தீட்டாகவே இருந்தது.

இந்த ஊரின் தோல் ஷாப்புத் தொழிலாளர்களை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார், 2012இல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. இங்கேயே வக்கீலாக இருந்தவர். நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இந்த இடத்தில் நம் தரப்பைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அவர்கள் ராஜாக்களைக் காட்டினால் நாமும் நம் தளபதிகளைக் காட்டுவோம் என்று ஒரு வழி இருக்கிறது. குயிலியை, ஒண்டிவீரனைப் பேசவைத்தோம். 2022இல் ஒண்டிவீரனுக்குத் தபால்தலையும் வந்தது. தேவையான வேலை அது, குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு நின்றால் 'நாங்களும் வீரப் பரம்பரை' என்ற சுவரொட்டியில் போய் முடியும். தென்மாவட்டத்தில் ஆண்ட பரம்பரைச் சுவரொட்டிகளுக்குப் பஞ்சமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். பிறகு நீதிபதி சந்துரு குழு அமைத்தார்கள், கையில் கட்டும் சாதிக் கயிறுகூட வேண்டாம் என்று அது பரிந்துரைத்தது. வாளையும் பரம்பரையையும் பேசியே வளர்ந்த வகுப்பறையில் இன்னொரு வாளைக் கொண்டுபோய் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று கோரேகான் தூணுக்குப் போனாரே என்று கேட்பீர்கள். போனார். மகர்களை மறுபடி படையில் சேர்க்க வேண்டும் என்று போராடவும் செய்தார், 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானது. ஆனால் அவருடைய அப்பா ராம்ஜி சுபேதார் மட்டுமில்லை, ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். படையில் இருந்த தீண்டப்படாதவர்களுக்குப் படிப்பு கிடைத்தது, ஓய்வூதியம் கிடைத்தது, கிராமத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை கிடைத்தது. 1892இல் மூடியது அந்தக் கதவும் சேர்த்துத்தான். வீரத்துக்குச் சாட்சி சொல்வதோடு, பறித்த வேலையையும் பள்ளிக்கூடத்தையும் திருப்பிக் கொடு என்று கேட்பதாகத்தான் நான் அந்தப் பயணத்தைப் பார்க்கிறேன். 1943இல் சாமர் ரெஜிமென்ட் ஒன்றை உருவாக்கி 1946இலேயே கலைத்துவிட்டார்கள். போர் முடிந்ததும் தேவை தீர்ந்தது.

ஆஸ்திரேலியாவில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'சிம்ப்சன் பரிசு' என்று ஒரு கட்டுரைப் போட்டி உண்டு. ஜெயித்தவர்களைப் போர்க்களங்களுக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப்போவார்கள். அந்த சிம்ப்சன் யார்? 1915இல் கலிப்போலியில் காயம்பட்டவர்களைக் கழுதை முதுகில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர். ஆட்களைத் தூக்கிச் சுமந்தவர். அவர் தங்கியிருந்தது ஓர் இந்திய மலைப் பீரங்கிப் படையோடு. அந்த நாட்டிலும் போருக்குப் போய்வந்த பழங்குடியினரில் பெரும்பாலோருக்கு, வெள்ளைச் சிப்பாய்க்குக் கொடுத்த நிலம் கிடைக்கவில்லை, ஆகவே அவர்களைத் தலையில் தூக்கிவைக்க வேண்டாம். ஆனாலும் சுமந்தவர் பெயரில் ஒரு தேசியப் பரிசு இருக்க முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

நீங்கள் என்ன செய்யலாம்? வீர் காதாவுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும்போதே ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுங்கள். நீ எழுதுகிற வீரருக்கு அன்றைக்குச் சாப்பாடு கொண்டுபோனது யார்? அக்னிவீர் அறிவிப்பில் 'டிரேட்ஸ்மேன்' என்று ஒரு பிரிவு இருக்கிறதே, எட்டாவது படித்திருந்தால் துப்புரவு, உணவக வேலைகளுக்குப் போகலாம் என்று. அதையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நாமே ஒரு போட்டி வைக்கலாம், ஒருநாள் சுற்றுலாவோடு. டெல்லி வேண்டாம், டவுன் பஸ் போதும். காலையில் மலைக்கோட்டை. ஹைதர் அலி 1755இல் இங்கே பௌஜ்தாராக வந்தார், 1792இல் கோட்டை கம்பெனி கைக்குப் போனது என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவதுதான் வழக்கம். இந்த வழுக்குப் பாறையில் பீரங்கியை மேலே ஏற்றியது யார் என்று பிள்ளைகளை அங்கேயே கேளுங்கள். பிறகு பேகம்பூர் பக்கம், தோல் ஷாப்பு. வேலை செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவரோடு ஒரு மணிநேரம். பரிசு, 'தோல்' நாவல் ஒரு பிரதி.

ஒரு எச்சரிக்கை. உன் தாத்தா என்ன வேலை செய்தார் என்று வகுப்பில் எழுந்து நின்று சொல்லச் சொல்லாதீர்கள். நம் ஊரில் அது சாதி கேட்பதற்குச் சமம், மறுநாள் அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வந்துவிடும். ஊரின் கதையாகக் கேளுங்கள். வீட்டுக் கதையை எழுத விரும்புகிற பிள்ளை எழுதித் தரட்டும், நீங்கள் மட்டும் படியுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், மலாயாவில் இருந்து வந்த கடுதாசி ஏதாவது இருந்தால் போனில் படம் எடுத்துக்கொண்டு, அசலை வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஐந்து கட்டுரை கொண்டுவந்தால் போதும். பெயரை மறைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள், எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம்.