சக்கர வீடும் சாயாக் கடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறை பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பிள்ளைகளின் விடுமுறையைப் பற்றிப் பேசுவோர் பலர். நான் பேச விழைவது கணவன் மனைவியின் விடுமுறை. அப்படியும் ஒன்று உண்டோ என்று பின்வரிசையில் யாரோ கேட்பது என் செவியில் விழுகிறது.

பிரான்சு நாட்டில் உண்டு. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அந்நாட்டுக் கடற்கரைச் சாலைகளில் கார்கள் சிறு சிறு வீடுகளை இழுத்துக்கொண்டு வரிசையாகச் செல்லும். காரவன் என்பது அவ்வீட்டின் பெயர். நம் நாட்டுக் கூண்டு வண்டிக்கு அடுப்பும் கட்டிலும் நீர்த்தொட்டியும் வைத்தாற்போல எண்ணிக்கொள்ளுங்கள். கடலோரத்தில் அதற்கென ஒதுக்கிய திடலில் அதனை நிறுத்தி, இருவரும் சில வாரங்கள் அங்கேயே குடியிருப்பர். வடகரையில் மோன் சான் மிஷேல் பக்கம் கடல்நீர் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். நம் காயலில் ஒரு மீட்டர் ஏறினாலே தாழ்ந்த தெருக்களில் இருப்போர் அரிசி மூட்டையைக் கட்டிலின்மேல் ஏற்றுகிறார்கள்!

இதனைச் செல்வர்களின் களியாட்டு என்று எண்ணிவிடலாகாது. 1936ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளர் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பயனாய் லெயோன் புளும் தலைமையிலான அரசு, உழைப்போர்க்கு ஆண்டில் இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று சட்டம் செய்தது. 1956இல் அது மூன்று வாரமாயிற்று, 1969இல் நான்கு, 1982இல் ஐந்து. கடலைக் கண்ணால் காணாத எத்தனையோ தொழிலாளர் அச்சட்டத்திற்குப் பின்னரே கடலைக் கண்டனர். ஓய்வு என்பது அங்கே போராடிப் பெற்ற உரிமை.

அச்சக்கர வீட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அதில் முன்கூடம் வேறு, அடுக்களை வேறு என்பது இல்லை. மனைவி அடுப்படியிலும் கணவர் திண்ணையிலுமாக இருக்க வழியே இல்லை. நான்கு எட்டு வைத்தால் வீடு முடிந்துவிடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் தீர வேண்டும்.

இனி நம் கதைக்கு வருவோம். ஏப்ரல் பிறந்தால் நாம் ஊருக்குப் போகிறோம். பாலருவி விரைவு வண்டியில் ஏறி, ஆரியங்காவுக் கணவாய் கடந்து, விடியுமுன் திருநெல்வேலியில் இறங்குகிறோம். இறங்கியபின் நடப்பது என்ன? கணவர் நிலத் தகராறு பேசப் போய்விடுவார். மனைவி, கொச்சியில் நான்கு பேருக்குச் சமைத்தவர், அங்கே பதினான்கு பேருக்குச் சமைப்பார். காதுகுத்து, கல்யாணம், கொடை என்று மொய் எழுதிக் கை வறண்டு திரும்புவோம். ஊர்ப்பற்றை நான் குறை கூறவில்லை, அது வேண்டும். ஆயினும் அதற்குப் பெயர் கடமை, விடுமுறை அன்று.

நம் காலனியில் ஓர் அம்மையார் இருக்கிறார். முப்பது ஆண்டு இல்லறம் நடத்தியவர். அதிரப்பள்ளி அருவியைக் காண வேண்டும் என்று கணவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். “அடுத்த கோடையில் பார்ப்போம்” என்று அவரும் மெய்யான அன்புடனேதான் சொல்லிவந்தார். அருவி இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. சென்ற ஆண்டு அப்பெரியவர் மறைந்தார். பிள்ளைகள் தம்மைக் காரில் அழைத்துப் போவதாகச் சொன்னபோது, “இனி எதற்கு?” என்றார் அம்மையார்.

பணம் இல்லையே என்பீர்கள். காயலுக்கு அக்கரையில், எறணாகுளம் காந்தி நகரில், ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்றொரு சிறு கடை. நடத்தியவர்கள் விஜயன், மோகனா இணையர். விஜயன் 1963 முதல் தேநீர் விற்றவர். கடையில் வேலையாள் வைக்கவில்லை. அவர் தேநீர் ஆற்ற, அம்மையார் பாத்திரம் கழுவப் பலகாரம் செய்ய, இருவரே எல்லாம். நாள்தோறும் 300 ரூபாயை எடுத்து வைத்தார்கள். போதாததற்கு வங்கிக் கடன் வாங்கினார்கள். போய்வந்து, கடனை அடைத்து, மறுபடியும் புறப்பட்டார்கள். 2007இல் தொடங்கி 25க்கும் மேற்பட்ட நாடுகளைக் கண்டார்கள். அவர்களைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. கடன் வாங்கி ஊர் சுற்றுவதா என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். ஒரே நாள் கல்யாணப் பந்தலுக்குக் கடன் வாங்கும் நாம் அதைக் கேட்பது பொருந்துமா?

2021 அக்டோபரில் இருவரும் ரஷ்யா சென்று வந்தார்கள். அடுத்த மாதமே, எழுபதைக் கடந்த வயதில், விஜயன் காலமானார். மோகனா அம்மையார் “இனி எதற்கு” என்று சொல்ல வேண்டிய நிலையில் இல்லை. இருவரும் சேர்ந்து கண்டவை அவரிடம் இருக்கின்றன.

இது மேல்நாட்டு வழக்கம், நமக்கு ஒவ்வாது என்றும் சொல்வதற்கில்லை. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தைத் திறந்து பாருங்கள். சேரன் செங்குட்டுவன் போருக்குப் புறப்படுமுன், தேவி இளங்கோ வேண்மாளுடன் மலையின் செழிப்பைக் காணப் போகிறான். பேரியாற்று மணற்பரப்பில் தங்குகிறான். அங்கேதான் குன்றவர் வந்து கண்ணகியைப் பற்றிச் சொல்கிறார்கள். பேரியாறென்று அங்கே பேசப்படுவது ஆலுவாவில் நாம் காணும் பெரியாறே என்பர். அரசனும் அரசியும் இன்பச் செலவு வந்த ஆற்றங்கரைக்கு இங்கிருந்து ஒரு பேருந்துச் சீட்டுதான் செலவு.

ஆட்சிக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் நகைச் சீட்டு நடக்கிறது. பாத்திரச் சீட்டும் நடக்கிறது. இணையர் பயணத்திற்கென ஒரு சீட்டும் தொடங்குங்கள். மாதம் 200 ரூபாய் போதும். சீட்டு மனைவியின் பெயரில் இருக்கட்டும். கல்யாண மொய்க்கு அதிலிருந்து எடுக்க இடம் தரலாகாது.

முதற்பயணம் பிரெஞ்சுக் கடற்கரைக்கே ஆகட்டும்! வியக்க வேண்டாம். 1954 ஜூலை வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட மாஹே, கோழிக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. காலையில் எறணாகுளத்தில் ரயில் ஏறினால் பிற்பகலில் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் காலாற நடக்கலாம். மாஹே என்றதும் மலிந்த சரக்கை நினைத்துச் சில ஆடவர் முகம் மலர்வதைக் காண்கிறேன். மனைவியருடன் போகிறோம், ஐயா!

பெயர் கொடுக்க விரும்புவோர் விருந்துக்குப் பின் பொருளாளரைக் காணுங்கள். கணவர் வரத் தயங்கினால், தாய்மார்களே வந்து இருவர் பெயரையும் எழுதிவிடலாம்.