சுவை மாறும், தொகை காக்கும்

(இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பழந்தமிழ்த் தொகைநூல்களை நாம் எவ்வாறு பயிலல் வேண்டும் என்பது பற்றிச் சில கூற விழைகின்றேன். தொகைநூல் வெறும் பாட்டுத் திரட்டன்று. ஒரு தலைமுறை தன் சுவைக்கேற்பத் தேர்ந்து, வரும் தலைமுறைக்கு வைத்துச் சென்ற விதைநெல் அது.

குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகிய மூன்றும் அகப்பொருள் நூல்களே. ஆயினும் 4 முதல் 8 அடி வரை அமைந்த பாட்டுகள் பொதுவாகக் குறுந்தொகையிலும், 9 முதல் 12 அடியின நற்றிணையிலும், 13 முதல் 31 அடியின அகநானூற்றிலும் வைக்கப்பெற்றன. தொகுத்தோர் பாடியவரின் பெருமையை நோக்கினாரல்லர்; பாட்டின் பொருளையும் அளவையும் நோக்கினர். பாடியவர் பெயர் மறைந்தவிடத்தும் பாட்டை அவர்கள் தள்ளிவிடவில்லை. பாட்டில் அமைந்த அருந்தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் போற்றினர். எத்துணை உயர்ந்த சுவையுணர்வு!

அத்தகைய நூல்கள் பின்னர் என்ன ஆயின? 14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் நச்சினார்க்கினியர் கலித்தொகைக்கு உரை வரைந்தார். அதன்பின் புலவர்தம் நாட்டம் வேறு திசையிற் சென்றது. அந்தாதியும் கலம்பகமும் பிள்ளைத்தமிழும் உலாவுமே பெரிதும் பயிலப்பெற்றன. ஓலைச்சுவடியோ நெடுநாள் நில்லாதது; படியெடுத்தாலன்றி வாழாதது. படிப்பவர் குறைந்தால் படியெடுப்பவரும் குறைவர். ஆதலின் அக்காலத்தில் சுவை மாறுவது என்பது நூல் சாவது என்பதற்கு மிக அணித்தாயிருந்தது.

1880ஆம் ஆண்டு குடந்தையில் நிகழ்ந்ததை நினைவு கூருங்கள். அங்கு அறமன்ற நடுவராக வந்த சேலம் இராமசாமியாரைக் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதர் கண்டார். தாம் கற்ற சிற்றிலக்கியங்களை அடுக்கிச் சொன்னார். நடுவரோ அவற்றின் முந்திய நூல்களைப் பற்றி வினவிச் சீவக சிந்தாமணியைப் பெயர் சுட்டிக் கேட்டார். பெரும்புலவர் மீனாட்சிசுந்தரனாரிடம் பயின்றவர்க்கே அது பயிலாத நூல்! அவரிடத்தில் குறையில்லை, அவர் காலத்துச் சுவையின் எல்லை அது.

அவ்வினா வீண்போகவில்லை. 1887இல் சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் சாமிநாதர் உழைப்பால் அச்சேறின. கலித்தொகையை 1887இலேயே சி.வை. தாமோதரனார் பதிப்பித்தார். ஆயினும் இழந்தவை இழந்தவையே. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. பரிபாடலின் 70 பாட்டுகளுள் முழுமையாகக் கிடைத்தவை 22 மட்டுமே. குறுந்தொகைக்குப் பேராசிரியர் வரைந்த உரையும் மறைந்தது. பகைவர் எரித்துத்தான் நூல்கள் அழிய வேண்டும் என்பதில்லை; உரியவர் விரித்துப் பாராமையே போதும்.

இனி, நம்மை நாமே வினவிக்கொள்வோம். நம் காலச் சுவை மட்டும் குறைவற்றதோ? புறநானூற்றின் பத்துப் பன்னிரண்டு மறப்பாட்டுகளை மேடைதோறும் முழக்குகின்றோம். எஞ்சியவற்றைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்? நற்றிணையின் மெல்லிய குரலுக்குச் செவி கொடுப்பவர் எத்தனை பேர்? அன்று சிற்றிலக்கியத்தில் மூழ்கித் தொகைநூலை மறந்தனர். இன்று தொகைநூலின் பெயர் கூறிச் சிற்றிலக்கியத்தை இகழ்கின்றோம். மறதியின் பொருள் மாறிற்று, மறதி மாறவில்லை.

வேற்றுச்சொல் மிகுந்த ஒரு நூல் நமக்குச் சுவைக்காதிருக்கலாம். அதனைப் பாராட்டாதிருக்க நமக்கு உரிமையுண்டு. அதன் சுவடியைச் செல்லுக்கு இரையாக்க உரிமையில்லை. எந்த ஏட்டில் எந்த அருஞ்சொல், எந்த ஊர்ப்பெயர், எந்த வழக்கு ஒளிந்துள்ளதென்று யாரறிவார்?

எனவே, அன்பர்களே, நாளொன்றுக்கு ஒரு பாட்டேனும் தொகைநூலில் வரிசையாகப் படியுங்கள். பிறர் தேர்ந்து தந்ததோடு நின்றுவிடாதீர்கள். ஒரு பாட்டு இன்று சுவைக்கவில்லையெனின் குறியிட்டு வைத்து, ஓராண்டு கழித்து மீண்டும் படியுங்கள். வீட்டுப் பரணில் ஏடோ பழம்பதிப்போ இருப்பின் நூலகத்திற் சேருங்கள். நமக்குச் சுவைப்பதைப் போற்றுவது எளிது. சுவைக்காததையும் காத்து வைப்பதே மொழிக்கு நாம் செய்யும் கடன்.