பதவி உயர்வு எனும் அமானிதம்

 



சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தைப் பற்றி இன்று உங்களிடம் பேச வேண்டியுள்ளது. அதை மறைத்துக்கொண்டு இந்தத் தலைப்பில் உபதேசம் செய்தால் என் பேச்சில் பரக்கத் இராது.

அஸர் தொழுகைக்குப் பின் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகள் நர்சிங் பட்டம் பெற்று, ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்றாண்டுகளாகப் பணியாற்றி வந்தாள். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில், ‘இன்சார்ஜ் சிஸ்டர்’ என்று சொல்லப்படும் பொறுப்புச் செவிலியர் இடம் காலியாகியிருந்தது. “நிர்வாகிக்கு உங்கள் மீது மிகுந்த மரியாதை உண்டு ஹஜ்ரத். நீங்கள் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும்” என்றார். நான் யோசிக்கவில்லை. பள்ளிவாசலின் முகவரி அச்சிட்ட தாளில், தொழுகையுள்ள குடும்பத்துப் பிள்ளை, அடக்கமானவள், பொறுப்பானவள் என்று எழுதி, முத்திரையும் இட்டுக் கொடுத்தேன். பத்து நாட்களில் பதவி கிடைத்தது. இனிப்புப் பெட்டியும் ஒரு வேட்டியும் வீடு தேடி வந்தன. மகிழ்ச்சியோடு வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழிந்திருக்கும். ஒரு தாய் மார்க்க விளக்கம் கேட்டு வந்தார். அவருடைய மகளும் செவிலியர். பதினோரு ஆண்டுகள் ஒரே மருத்துவமனையில். அதில் எட்டாண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். புதிதாக வருபவர்களுக்கு வென்டிலேட்டரைக் கையாளக் கற்றுக் கொடுப்பவளே அவள்தான். பொறுப்புப் பதவி காலியானபோது அது அவளிடம் வேலை பழகிய ஒருத்திக்குப் போய்விட்டது. “என் மகள் ராத்திரியெல்லாம் அழுகிறாள் ஹஜ்ரத். கிடைக்காததற்காக வருந்துவது கத்ரை மறுப்பதாக ஆகிவிடுமா?” என்று கேட்டார். மருத்துவமனையின் பெயரையும் சொன்னார். என் நா உலர்ந்து போயிற்று. கடிதம் என்னுடையது என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது.

சகோதரர்களே! லஞ்சம் ஹராம் என்று நாம் மிம்பரில் நின்று முழங்குகிறோம். சிபாரிசை மட்டும் ஏனோ அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘நம்ம பிள்ளைக்கு ஒரு நல்லது’ என்று பெயர் சூட்டி உள்ளே விட்டுவிடுகிறோம். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு ‘வாஸ்தா’ என்ற சொல் பழக்கமானது. அங்கே அதனால் தாம் பட்ட பாட்டைக் கதை கதையாகச் சொல்லும் அதே சகோதரர், ஊருக்கு வந்ததும் தம் மகளுக்காக ஒரு வாஸ்தாவைத் தேடுகிறார்.

அந்தப் பதவி எத்தகையது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். எந்த நோயாளியை எந்தச் செவிலியரிடம் ஒப்படைப்பது, இரவில் யார், பகலில் யார், அவசர மருந்துகள் வைத்த தள்ளுவண்டியில் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது பொறுப்புச் செவிலியரின் வேலை. பொட்டாசியம் குளோரைடு என்றொரு மருந்து உண்டு. உடலில் பொட்டாசியம் குறைந்தவருக்கு அதைத் திரவத்தில் கலந்து, மிக மெதுவாக ஏற்றுவார்கள். கலக்காமல் நேரே நரம்பில் வேகமாகச் செலுத்திவிட்டால் இதயம் நின்றுவிடும். அந்தக் குப்பி மற்ற மருந்துகளோடு சேராமல் தனியே வைக்கப்பட்டுள்ளதா, ஏற்றுமுன் இரண்டாமவர் ஒருவர் சரிபார்த்தாரா என்று கவனிப்பது அந்தப் பொறுப்பின் ஒரு சிறு பகுதி. ஆகவே அந்த நியமனத்தில் உரிமையுள்ளவர்கள் அந்த இரு பெண்கள் மட்டுமல்லர். நினைவிழந்து கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கும் அதில் ஹக்கு உண்டு. நானோ தொழுகையாளி என்று சான்று எழுதினேன். மருந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

அபூதர் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். தக்வாவில் அவர்களுக்கு நிகர் யார்? அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் தமக்கொரு பொறுப்பு வேண்டும் என்று கேட்டபோது, பெருமானார் அவர்கள் தோளில் தட்டி, நீர் பலவீனமானவர், இதுவோ அமானிதம், உரிய தகுதியோடு ஏற்று நிறைவேற்றியவருக்கன்றி மற்றவருக்கு மறுமையில் இது கைசேதமாகும் என்ற கருத்தில் எச்சரித்ததாக முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. நல்லவர் என்பது வேறு, ஒரு பொறுப்புக்குத் தகுந்தவர் என்பது வேறு. இந்த ஹதீஸைப் பலமுறை பாடமாக நடத்தியவன்தான் அந்தக் கடிதத்தையும் எழுதினேன்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் கட்டளையிடும் வசனம் அன்னிஸா அத்தியாயத்தில் இருக்கிறது. அது கஅபாவின் சாவி தொடர்பாக இறங்கியது என்று முஃபஸ்ஸிர்கள் பலர் எழுதுகின்றனர். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றி கொள்ளப்படுகிறது. சாவி பரம்பரையாக உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களின் குலத்தாரிடம் இருந்து வந்தது. ஹிஜ்ரத்துக்கு முன் பெருமானாரைக் கஅபாவுக்குள் நுழையவிடாமல் தடுத்தவரும் அவரே. இப்போது சாவி பெருமானாரின் கையில். ஹாஜிகளுக்குத் தண்ணீர் வழங்கும் பணி ஏற்கெனவே பனூ ஹாஷிமிடம் உள்ளது, சாவியையும் எங்களுக்கே தாருங்கள் என்று வேண்டுகோள் எழுந்தது. கேட்டவர் அலீ (ரலி) என்றும் அப்பாஸ் (ரலி) என்றும் இருவிதமாக அறிவிப்புகள் உள்ளன. யாராயினும் பெருமானாரின் சொந்தக் குடும்பத்தார். அவர்களைவிட வலுவான சிபாரிசு உலகில் ஏது? ஆனால் நபி (ஸல்) அவர்கள் உஸ்மான் இப்னு தல்ஹாவை அழைத்துச் சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இன்றளவும் அது அந்தக் குலத்தாரிடமே இருக்கிறது.

இமாமத்துக்கு யார் நிற்பது என்ற சட்டத்தையும் பாருங்கள். குர்ஆனை நன்கு ஓதத் தெரிந்தவர் முந்துவார். அதில் சமமானால் சுன்னாவை அதிகம் அறிந்தவர். அதிலும் சமமானால் ஹிஜ்ரத்தில் முந்தியவர். வயது கடைசியில்தான் வருகிறது. ஆறேழு வயதுச் சிறுவரான அம்ர் இப்னு ஸலமா (ரலி) அவர்கள், தம் கூட்டத்தாரில் அதிகம் குர்ஆன் தெரிந்தவர் என்பதால் பெரியவர்களுக்கு இமாமாக நின்றார்கள். நபித்தோழர்களில் மூத்தவர்கள் பலர் இருந்த படைக்கு இளைஞரான உஸாமா (ரலி) தளபதியாக்கப்பட்டார்கள். சிலர் குறை பேசியபோது, அவர் அதற்குத் தகுதியானவரே என்று பெருமானார் பதில் அளித்தார்கள். ஆகவே பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவளுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மூன்றாண்டுகள் மட்டுமே பணியாற்றியவள் அதிகத் திறமைசாலியாக இருக்கவும் கூடும். ஆனால் அதை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. என் முத்திரை போதுமானதாகிவிட்டது.

செவிலியராகப் பணிபுரியும் நம் சகோதரிகள் சிலரிடம் என் மனைவி மூலம் விசாரித்தபோது ஒன்று விளங்கியது. பதவி உயர்வு நேர்காணல் நாளில் முடிவாவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே டூட்டி சார்ட்டில் முடிவாகிவிடுகிறது. மேலாளருக்கு வேண்டியவளுக்குப் பகல் டூட்டி. மருத்துவர்கள் சுற்றிவரும் நேரத்தில் அவள் இருப்பாள், அவள் பெயரை அவர்கள் அறிவார்கள். வேண்டாதவளுக்குத் தொடர்ந்து இரவு. பயிற்சிக்கு அனுப்ப ஒரே ஓர் இடம் வந்தால் வேண்டியவளே போவாள். பொறுப்புச் செவிலியர் விடுப்பில் போகும்போது இரண்டு நாள் வார்டைப் பார்த்துக்கொள்வதும் அவளே. பிறகு நேர்காணலில், “அனுபவம் இவளுக்குத்தானே அதிகம்” என்பார்கள். அந்த நேரத்தில் அது பொய்யும் அன்று. அந்த அனுபவத்தைப் பங்கிட்டதில்தான் அநீதி நடந்தது. தம் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு அதற்குச் சாட்சியாக இருக்கும்படி பெருமானாரை வேண்டிய பஷீர் (ரலி) அவர்களிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று கேட்டு, சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். பிள்ளைகள் விஷயத்தில் வந்த இந்த நீதியை, தன் கீழ் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் சகோதரியும் டூட்டி சார்ட் எழுதும்போது எண்ணிப் பார்க்கட்டும்.

ஒரு சிறு விஷயம், ஆனால் பலர் வீட்டில் நடப்பது. பெருநாளுக்கு மேலாளர் வீட்டுக்கு மட்டும் பிரியாணி போகும். அவர் மகளின் திருமணத்துக்கு மோதிரம் போகும். ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றபோது, தன் பெற்றோர் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கேட்டதாக புகாரியில் உள்ளது. என் வீட்டுக்கு வந்த வேட்டியையும் அந்தக் கேள்வியோடு வைத்துப் பார்த்தேன்.

இரகசியக் குறிப்பு என்றும் ஒன்றுண்டு. அரசு ஊழியரைப் பற்றி மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் மதிப்பீட்டை, அது நல்லதாயினும் குறையாயினும், உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அரசு மருத்துவமனையில் பணிபுரிவோர் இதை அறிந்திருப்பது நல்லது. தனியார் நிறுவனம் நடத்தும் நம் சகோதரர்களோ நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவருக்குத் தெரியாமல் அவர் பிழைப்பைப் பற்றி எழுதி வைப்பது புறம் பேசுவதற்கு மிக அருகில் நிற்கிறது.

பரிந்துரையே கூடாது என்பதல்ல மார்க்கம். நல்ல பரிந்துரைக்கு நற்பங்கும் தீய பரிந்துரைக்கு அதன் பங்கும் உண்டு என்பது குர்ஆன் கூறும் கருத்து. ஒருத்தியின் வேலையை நேரில் பார்த்த மூத்த செவிலியர், கேட்கப்பட்டபோது பார்த்ததைச் சொல்வது சாட்சியம். பார்க்காதவன் முத்திரை குத்துவது சாட்சியம் ஆகாது. உங்கள் மகளுக்காக யாரிடமேனும் பேசித்தான் ஆக வேண்டுமென்றால், காலியிடத்தை அறிவிப்புப் பலகையில் போடச் சொல்லுங்கள்; எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். அது உங்கள் பிள்ளைக்கும் நல்லது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் நல்லது. அந்த அடுத்த வீட்டுப் பிள்ளை வேறு சமயத்தைச் சேர்ந்தவளாக இருந்தால், நம்மவர் நடத்தும் மருத்துவமனையில் அவளுக்கும் இதே நீதி உண்டு.

அந்தத் தாய்க்கு நான் அன்று பதில் சொல்லாமலே அனுப்பிவிட்டேன். மூன்று நாள் கழித்து, மனைவியை அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வருந்துவது கத்ரை மறுப்பதாகாது, யஃகூப் (அலை) அவர்கள் மகனை எண்ணி வருந்திக் கண்கள் வெளுத்துப் போகவில்லையா என்றேன். அநீதிக்குள்ளானவர் அதை வாய்விட்டுச் சொல்ல அல்லாஹ் இடமளித்துள்ளான் என்பதையும் விளக்கினேன். பிறகு கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. “என்னிடம் சொல்லி என்ன ஹஜ்ரத்? அவளிடம் சொல்லுங்கள். நைட் டூட்டி முடிந்து ஒன்பது மணிக்குள் வந்துவிடுவாள்” என்றார்.

காத்திருந்தோம். அந்த மகள் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: “என் பெயரை எடுத்துப் பார்த்தார்களா, இல்லையா?” எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதவியில் இருக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் தன்னிடமே வந்து கேட்பாள், தானும் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னாள். நோயாளி என்ன பாவம் செய்தார் என்றாள்.

அன்றே நிர்வாகிக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். முந்தைய கடிதத்தில் நான் எழுதியது அறிந்து சொன்ன சாட்சியம் அன்று, அதைத் திரும்பப் பெறுகிறேன். எவரையும் நீக்கும்படி கேட்கவில்லை, அடுத்த இடம் காலியாகும்போது எல்லாப் பெயர்களையும் எடுத்துப் பாருங்கள் என்று எழுதி, அந்த மகள் கேட்ட கேள்வியையும் அப்படியே சேர்த்தேன். இனிப்பு தின்று தீர்ந்திருந்தது. அதன் விலையையும் வேட்டியையும் உரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன்; அவர் கோபித்துக்கொண்டு சில வாரம் பள்ளிக்கே வரவில்லை. பள்ளிவாசல் முத்திரை இப்போது செயலாளரின் பெட்டியில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தாரின் சம்மதம் பெற்றே இதை உங்களிடம் சொன்னேன்.

யா அல்லாஹ்! அந்த மகளின் உள்ளத்தைக் குளிரச் செய்வாயாக! எழுதிய கையை மன்னிப்பாயாக! ஆமீன்.