கொலராடோ தெரிந்த பிள்ளைக்குக் காவிரியும் தெரியட்டும்



இங்கே பல்கலைக்கழகத்தில் நான் சுற்றுச்சூழல், எரிசக்தி, நீர்க் கொள்கை மூன்றையும் சேர்த்து நடத்துகிறேன். ஏன் சேர்த்து என்று சிலர் கேட்பார்கள். ஊரில் பம்புசெட் ஓடியதைப் பார்த்த உங்களுக்கு அந்தக் கேள்வி வராது. கரண்ட் வந்தால்தான் தண்ணீர். கரண்ட் இலவசமானதும் போர்வெல் இன்னும் ஆழத்துக்குப் போனது. அதைப் பேசினால் விடிந்துவிடும். இன்று காவிரி மட்டும், அதையும் கொலராடோ வழியாக.

என் வகுப்பில் அமெரிக்காவின் கொலராடோ ஆறு கட்டாயப் பாடம். 1922-ல் ஏழு மாநிலங்கள் அதைப் பங்கு போட்டன. மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்படுகைக்கும் அதே அளவு. அவர்கள் கணக்குக்கு எடுத்தது நல்ல மழைக்காலத்து வரத்து. ஆற்றில் இல்லாத தண்ணீரைக் காகிதத்தில் பிரித்துக்கொண்டார்கள். காலங்காலமாக அந்தக் கரையில் வாழ்ந்த பழங்குடிகளைப் பேச்சுக்குக் கூப்பிடவே இல்லை. 2022-ல் அந்த ஆற்றின் நீர்த்தேக்கமான மீட் ஏரி, முதன்முதலாக நிரம்பிய 1930-களுக்குப் பிறகு காணாத மட்டத்துக்கு இறங்கியது. இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அடுத்து காவிரி. 1924-ல் சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட ஒப்பந்தம். பத்து லட்சம் ஏக்கர் அடி என்றால் 43.56 டிஎம்சி என்று பலகையில் எழுதுவேன். கொலராடோ கீழ்ப்படுகையின் பங்கு சுமார் 327 டிஎம்சி. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டியது 177.25 டிஎம்சி. வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அதில் ஒரு தமிழ்ப் பிள்ளை. அப்பாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். மேட்டூர் எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. பெற்றோரே, இது பிள்ளையின் குற்றமா?

ஜூன் 12 என்ன நாள்? ஆமாம் ஐயா, மேட்டூர் திறக்கும் நாள்! அணையில் இன்று எத்தனை அடி என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தானே நம் தாத்தாக்கள் காபியைக் கையில் எடுத்தார்கள்? நேரத்தில் திறந்தால் குறுவை. தள்ளிப்போனால் சம்பா மட்டும். அதுவும் பொய்த்தால் வீட்டுக் கல்யாணமே தள்ளிப்போகும். காய்ந்து வெடித்த வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வரும். அதற்கு முன்னால் ஓடியவர்கள் கை தூக்குங்கள். அடேயப்பா, எத்தனை கை! இதை வீட்டில் பிள்ளைகளிடம் எத்தனை பேர் சொன்னீர்கள்? இப்போது ஒரு கையையும் காணோமே அம்மா!

தமிழ்ப் பள்ளியில் எழுத்தும் செய்யுளும் சொல்லித்தருகிறோம், நல்லது. சுவரில் ஒரு காவிரிப் படமும் மாட்டுங்கள். தலைக்காவிரி, கிருஷ்ணராஜசாகர், ஒகேனக்கல், மேட்டூர், முக்கொம்பு, கல்லணை, பூம்புகார். கர்நாடகத்து மாண்டியா விவசாயியின் குறையையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு கரையின் நியாயம் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையால் நாளைக்கு எந்த ஆற்றுக்கும் வழி சொல்ல முடியாது.

இங்கே பள்ளி விடுமுறையும் ஜூனில்தான் வருகிறது. ஊருக்குப் போனால் தி. நகரோடு திரும்பிவிடாதீர்கள். ஒருநாள் கல்லணைக்குக் கூட்டிப்போங்கள். மதகைத் திறக்கும் லஸ்கரிடம் உங்கள் பிள்ளையே கேட்கட்டும், தமிழில்: “இந்தத் தண்ணீர் எந்த ஊருக்கெல்லாம் போகிறது அண்ணா?”